பின்னால் உட்கார்ந்த வண்டி

விடியற்காலை ஐந்து மணிக்கு அடிக்கும் தொலைபேசி நல்ல சேதி கொண்டுவந்து நான் பார்த்ததில்லை. "மாமா, தூக்கத்தைக் கெடுத்துட்டேனுங்களா?" என்றது குரல். கெடுத்துவிட்டு அப்படிக் கேட்பது நாமக்கல் பக்கத்து மரியாதை. என் மனைவியின் ஊர்க்காரர், உறவு முறையில் எனக்கு மருமகன். டிரெய்லர் லாரி ஓட்டுகிறார். சொந்த வண்டிதான், ஆனால் கடன் பாதிகூடக் கட்டி முடியவில்லை.

"நாக்பூர் பைபாஸ்ல நிக்கறேனுங்க. வண்டி பின்னாடி உக்காந்துருச்சு. ராத்திரி பூரா எதிர்ல வர்றவன் எல்லாம் லைட்டை அடிச்சு அடிச்சுக் காட்டறான். இடது பக்கமா வேற சாஞ்சு போகுது. தெரிஞ்ச பட்டறை ஏதாச்சும் இருக்குதுங்களா?"

நாக்பூரில் பதினெட்டு வருஷமாக இருக்கிறேன். தெரிந்த தையல்காரர் இருக்கிறார், தெரிந்த பல் டாக்டர் இருக்கிறார். லாரிப் பட்டறை தெரியாது. ஆனால் வடக்கே எந்தப் பெரிய ஊருக்குப் போனாலும் அதன் ஓரத்தில் ஒரு லாரிப் பேட்டை இருக்கும். அதில் ஒரு வரிசை முழுக்கக் கமானிக்காரர்கள் இருப்பார்கள். கமானி என்றால் நம் ஊர் மெக்கானிக்குகள் 'பட்டை' என்று சொல்லும் வில் ஸ்பிரிங். வண்டியின் பின் சக்கரங்களுக்கு மேலே, ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கி, நடுவில் கவ்வி வைத்திருக்கும் வளைந்த எஃகுத் தகடுகளை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பழசானால் நம் கிராமத்துக் கொல்லர்கள் அரிவாள் அடிப்பதும் அந்த எஃகில்தான்.

ஏழு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். வண்டி ஒரு டீக்கடை ஓரம் நின்றது. முன்னால் இழுக்கும் தலைக்கு இரண்டு ஆக்ஸில், பின்னால் டிரெய்லருக்கு மூன்று ஆக்ஸில். டிரெய்லரின் மேல் சத்தீஸ்கரில் ஒரு கிடங்கில் ஏற்றிய மூன்று எஃகுச் சுருள்கள். லாரிக்காரர்கள் 'காயில்' என்பார்கள். ஒன்று ஏறக்குறைய 9 டன், மூன்றும் சேர்த்து 27 டன், கோயம்புத்தூருக்குப் போகவேண்டிய சரக்கு. தலையின் பின்பக்கம் பிரசவத்துக்குக் காத்திருக்கும் எருமையைப் போலத் தாழ்ந்து கிடந்தது. முகப்பு விளக்குகள் இரண்டும் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

மிஸ்திரி அதற்குள் வந்து பார்த்துவிட்டார். அறுபது வயதிருக்கும். குனியக்கூட இல்லை. "சாப், பக்கத்துக்கு இரண்டு பட்டா கூடுதலாகப் போட்டால் நிமிர்ந்துவிடும். மதியத்துக்குள் கிளம்பிவிடலாம். மொத்தம் ஒன்பதாயிரம்" என்றார். மாப்பிள்ளை ஏற்கெனவே தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். சரக்கு நாளை மறுநாள் போய்ச் சேரவேண்டும். தாமதமானால் வாடகையில் பிடிப்பார்கள்.

பொறியியல் படித்துவிட்டு வாழ்நாள் முழுக்க இயந்திரங்களைக் கையால் தொடாமல் பிழைத்த ஜாதி நான். இந்தப் பக்கத்தில் பம்பு செட்டைப் பற்றியும் பிரஷர் குக்கரைப் பற்றியும் எழுதியபோதெல்லாம் வாசகர்கள் அதைச் சரியாகவே கண்டுபிடித்து எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் படித்ததில் ஒன்று மட்டும் மறக்கவில்லை. ஒரு பொருள் வளைந்திருந்தால், வளைகிற பொருளில் கோளாறா, வளைக்கிற பாரத்தில் கோளாறா என்று முதலில் கேட்கவேண்டும்.

"மாப்பிள்ளை, டேப் இருக்கா?" என்றேன்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சேசிஸின் அடிவிளிம்பிலிருந்து ஆக்ஸில் வரைக்கும் இரண்டு பக்கமும் அளந்தோம். இதற்குப் பட்டறையே வேண்டியதில்லை. யாரும் செய்யலாம். வண்டி காலியாக இருக்கும்போது ஒரு முறை அளந்து எழுதி வைத்துக்கொண்டால் பிறகு ஒப்பிட வசதி. எங்களிடம் அந்தக் கணக்கு இல்லை. ஆனால் வலது பக்கத்தைவிட இடது பக்கம் நாலு விரற்கடை குறைவாக இருந்தது. இரண்டு பக்கமும் ஒரே அளவில் தாழ்ந்தால் பாரத்தைச் சந்தேகப்படலாம். ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்தால் அந்தப் பக்கத்துப் பட்டையையோ, அதைத் தாங்கும் பிராக்கெட்டையோ, சேக்கிளையோ பார்க்கவேண்டும். இங்கே இரண்டுமே இருப்பதாகத் தோன்றியது. வலது பக்கமும் ஒன்றும் நிமிர்ந்து நிற்கவில்லை.

மிஸ்திரி இப்போது குனிந்தார். டார்ச் அடித்தார். இடது பக்க அடுக்கில் மேலிருந்து மூன்றாவது பட்டை, நடுவில் சென்டர் போல்ட்டுக்காகப் போட்ட துளையின் குறுக்கே இரண்டாக உடைந்திருந்தது. உடைந்த இடத்தில் பாதி துருவேறியிருந்தது, பாதி பளபளவென்று இருந்தது. அதாவது விரிசல் பல நாளாக வளர்ந்து வந்திருக்கிறது. முழுசாகப் பிளந்தது நேற்றோ முந்தாநாளோதான்.

"யூ போல்ட்டை எப்போது முறுக்கினீர்கள்?" என்று கேட்டார் மிஸ்திரி. மாப்பிள்ளைக்கு இந்தி நன்றாகவே புரியும். ஆனால் அந்தக் கேள்வி மட்டும் புரியாத மாதிரி என்னைப் பார்த்தார்.

இந்த இடத்தைக் கொஞ்சம் விளக்கவேண்டும். பட்டை அடுக்கை ஆக்ஸிலோடு சேர்த்து இறுக்கிப் பிடிப்பவை பக்கத்துக்கு இரண்டு யூ போல்ட்டுகள். அவை இறுக்கமாக இருக்கும்வரை, கவ்வின இடத்தில் பட்டை வளையாது. வளைவதெல்லாம் அதற்கு இரண்டு புறமும்தான். யூ போல்ட் தளர்ந்தால் பட்டை நடுத் துளையிலேயே வளைய ஆரம்பிக்கும். துளை போட்ட இடம்தான் பலவீனமான இடம். அங்கே உடையும். நடுத் துளையில் உடைந்த பட்டையைப் பார்த்தால் அனுபவசாலிகள் பாரத்தைத் திட்டமாட்டார்கள், போல்ட்டை முறுக்காதவரைத் திட்டுவார்கள். ஆறு மாதத்துக்கு முன் மாப்பிள்ளை பட்டை மாற்றியிருக்கிறார். புதுப் பட்டை போட்டால் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் அடுக்கு படிந்து, போல்ட்டில் தளர்ச்சி வரும். அப்போது மறுபடி முறுக்கவேண்டும். அந்த வாரம் ஊரில் தங்கைக்குக் கல்யாணம். மறந்துபோயிற்று.

ஆக, உடைந்த பட்டையை மாற்றவேண்டும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இரண்டு பட்டை கூடுதலாகப் போடவேண்டுமா?

"பாருங்க மாமா, நான் ஓவர்லோடு ஏத்தறவன் இல்லைங்க" என்று மாப்பிள்ளை எடைச் சீட்டை எடுத்துக் காட்டினார். வண்டியோடு சேர்த்து 42 டன். அவர் வண்டிக்கு அனுமதி 45.5 டன். "மூணரை டன் கம்மியாத்தான் ஏத்தியிருக்கேன். அப்புறம் ஏன் வலது பக்கமும் உக்காருது?"

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சீட்டில் இல்லை. சீட்டு மொத்தத்தைச் சொல்கிறது. எந்த ஆக்ஸில் எவ்வளவு சுமக்கிறது என்று சொல்வதில்லை.

பக்கத்திலேயே எடை மேடை இருந்தது. வடநாட்டில் அதற்குப் பெயர் 'தர்ம காண்டா', தர்மத்தின் தராசு. இவ்வளவு பெரிய பெயரை வைத்துக்கொண்டு அது செய்கிற வேலை சின்னதுதான். ஆனால் கொஞ்சம் பொறுமை இருந்தால் அதனிடமிருந்து கூடுதல் வேலை வாங்கலாம். முதலில் தலையின் முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி நிறுத்தச் சொன்னேன்: 5.4 டன். பிறகு தலையின் பின் சக்கரங்களும் ஏறின: 18.6 டன். கடைசியாக முழு வண்டியும்: 42 டன். கழித்துப் பார்த்தால் தலையின் பின் ஆக்ஸிலில் 13.2 டன், டிரெய்லரின் மூன்று ஆக்ஸிலில் 23.4 டன்.

நாலு டயர் கொண்ட ஒற்றை ஆக்ஸிலுக்கு அனுமதி 11.5 டன். மூன்று ஆக்ஸில் சேர்ந்த டிரெய்லருக்கு 27 டன். ஒன்று 1.7 டன் அதிகமாகச் சுமந்து திணறுகிறது. இன்னொன்று 3.6 டன் குறைவாகச் சுமந்துகொண்டு பின்னாலேயே ஜாலியாக வருகிறது. கூட்டுக் குடும்பத்தில் நடப்பதுதான்.

மேடைக்காரர் இதற்குள் பொறுமை இழந்துவிட்டார். ஒரு வண்டிக்கு மூன்று எடை எடுப்பவரை அவர் பார்த்ததே இல்லையாம். மூன்றுக்கும் காசு கொடுத்தோம்.

கிடங்கில் என்ன நடந்திருக்கிறது என்பது டிரெய்லர் மேல் ஏறிப் பார்த்தபோது தெரிந்தது. மூன்று காயில்களும் முன்பக்கம் ஒன்றை ஒன்று ஒட்டினாற்போல உட்கார்ந்திருந்தன. காயிலுக்கு அண்டைகொடுக்கும் மரக்கட்டைகள் முந்தின லோடின்போது அடித்த இடத்திலேயே இருந்தன. ஏற்றியவர்கள் அவற்றைப் பெயர்த்து நகர்த்தச் சோம்பல்பட்டு, கட்டை இருந்த இடத்தில் காயிலை வைத்துவிட்டார்கள். மாப்பிள்ளை அப்போது லாரிக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தாராம். இரண்டு நாள் வரிசையில் நின்ற மனிதர், தூங்காமல் என்ன செய்வார்?

கணக்கு துலாக்கோல் கணக்குதான். டிரெய்லரின் முன்முனை கிங் பின் என்கிற ஒரு முளையில் தலையின் மேல் உட்கார்கிறது. பின்முனை மூன்று ஆக்ஸிலில் உட்கார்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஏறக்குறைய 8 மீட்டர். சரக்கு பின்னால் நகர நகர, தலையின் மேல் இருக்கும் சுமை குறைந்து டிரெய்லர் சக்கரங்களுக்குப் போகும். 9 டன் காயிலை 1.8 மீட்டர், அதாவது ஆறடி, பின்னால் தள்ளினால் 9-ஐ 1.8-ஆல் பெருக்கி 8-ஆல் வகுக்கவேண்டும். இரண்டு டன் இடம் மாறும். மூன்று காயிலையும் தொடவேண்டியதில்லை. கடைசிக் காயில் ஒன்றை மட்டும் ஆறடி நகர்த்தினால் போதும்.

மிஸ்திரி இதைக் கேட்டுக்கொண்டே பீடி பற்றவைத்தார். "சாப் சொல்வது சரிதான். ஆனால் என்னிடம் வருகிறவர்கள் யாரும் சரக்கை நகர்த்த வருவதில்லை. வண்டியை நிமிர்த்த வருகிறார்கள். பாதிப்பேர் வண்டி தாழாமலேயே வருகிறார்கள், அடுத்த லோடு அதிகம் ஏற்றவேண்டும் என்று" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஒன்பதாயிரத்தை இழக்கப்போகிறோம் என்று தெரிந்தும் அப்படிச் சொன்னதற்காக அவருக்கு இரண்டாவது டீ நான் வாங்கிக் கொடுத்தேன்.

பட்டை கூட்டுவதில் என்ன தப்பு என்று கேட்பீர்கள். வண்டி நிமிரும், பார்க்க நன்றாக இருக்கும், விளக்கு தரையைப் பார்க்கும். உண்மை. ஆனால் 13.2 டன் அங்கேயேதான் இருக்கும். பட்டை சுமையைத் தாங்கி ஆக்ஸிலிடம் கொடுக்கிறது. ஆக்ஸில் சக்கர பேரிங்கிடம், பேரிங் டயரிடம், டயர் சாலையிடம். நடுவில் ஒரு ஆளை மட்டும் பலசாலியாக்கினால் மற்றவர்களின் சுமை குறைந்துவிடாது. முன்பு வண்டி தாழ்ந்து நின்று ஏதோ சரியில்லை என்று காட்டிக்கொடுத்தது. இனிமேல் அதுவும் காட்டாது. கோடை வெயிலில் டயர் வெடிக்கும்போதுதான் தெரியும்.

பட்டையின் விறைப்புக் கணக்கு விசித்திரமானது. பட்டையின் எண்ணிக்கையைக் கூட்டினால் விறைப்பு அதே விகிதத்தில் கூடும். தடிமனைக் கூட்டினால் அதன் கன மடங்கில் கூடும். 10 மில்லிமீட்டர் பட்டைக்குப் பதில் அதே நீள அகலத்தில் 12 மில்லிமீட்டர் பட்டை போட்டால் அந்தப் பட்டையின் விறைப்பு ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்காகிவிடும். தடிமன் இரட்டித்தால் எட்டு மடங்கு. பட்டறையில் கைக்குக் கிடைத்த பட்டையைத் திணித்தால், சரக்கோடு போகும்போது சரியாகத் தெரியும் வண்டி, காலியாகத் திரும்பும்போது தகரப் பெட்டியைப் போலக் குதிக்கும். சக்கரம் தரையைவிட்டு எழும்புகிற நேரத்தில் பிரேக் பிடித்து என்ன பயன்? ஓட்டுகிறவரின் முதுகெலும்பைப் பற்றித் தனியாக ஒரு வாரம் எழுதலாம்.

இன்னொரு வழி, பழைய பட்டையையே கழற்றி வளைவு ஏற்றுவது. உலையில் காய்ச்சியும் செய்கிறார்கள், காய்ச்சாமல் சுத்தியலால் தட்டியும் செய்கிறார்கள். இரண்டையும் நான் நின்று பார்த்திருக்கிறேன். கண்ணுக்கு அழகான வேலை. ஆனால் பட்டை செய்யும் தொழிற்சாலையில் எஃகை 800 டிகிரிக்கு மேல் காய்ச்சி, எண்ணெயில் முக்கி, மறுபடி 400, 500 டிகிரியில் நிதானமாகப் பதப்படுத்துகிறார்கள். பிறகு சின்னச் சின்ன எஃகுக் குண்டுகளை மழைபோல அடித்து, இழுபடும் பக்கத்தின் மேல்தோலை இறுக்குகிறார்கள். விரிசல் விழாமல் இருக்க அந்தத் தோல்தான் காவல். ரோட்டோர உலையில் இந்த இரண்டாவது சூடும் கிடையாது, குண்டு மழையும் கிடையாது. காய்ச்சாமல் தட்டினாலோ, சுத்தியல் விழுகிற உட்பக்கம்தான் பாரத்தில் இழுபடுகிற பக்கம். ஒவ்வொரு தழும்பும் நாளைய விரிசலுக்கு விதை. அவசரத்துக்கு ஊர் போய்ச் சேர உதவும். அதற்கு மேல் நம்பக்கூடாது.

ஷாக் அப்சார்பரை மாற்றினால் தாழ்வு சரியாகுமா என்றும் பலர் கேட்கிறார்கள். ஆகாது. சாதாரண ஷாக் அப்சார்பர் எடையைத் தாங்குவதில்லை. ஆட்டத்தை அடக்குவது மட்டுமே அதன் வேலை. கார்க்காரர்கள் இதில் நிறையப் பணம் இழக்கிறார்கள்.

கடைசியில் செய்தது இதுதான். கிரேன் வந்து காயிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டது. கட்டைகளைப் பெயர்த்து ஆறடி பின்னால் அடித்தோம் என்று எழுத ஆசை. அடித்தது மாப்பிள்ளையும் கிளீனரும், நான் நிழலில் நின்றேன். காயிலை இறக்கி, புதிதாகச் சங்கிலி கட்டி, மறுபடி தர்ம காண்டாவுக்குப் போனோம். முன் ஆக்ஸில் 5.3, தலையின் பின் ஆக்ஸில் 11.3, டிரெய்லர் 25.4. மொத்தம் அதே 42. வலது பக்கம் கண்ணெதிரே நிமிர்ந்துவிட்டது. பிறகு மிஸ்திரி உடைந்த பட்டைக்குப் பதில் அதே நீளம், அதே தடிமனில் புதுசு போட்டார். வலது பக்கத்திலும் அதே இடத்துப் பட்டையைக் கழற்றிப் பார்த்தார். அதில் துளையைச் சுற்றி மயிரிழை போல ஒரு கோடு. அதையும் மாற்றினோம். யூ போல்ட்டுகள் நாலும் புதுசு. ஒரு முறை நீண்டு போன யூ போல்ட்டை மறுபடி போடுவது தப்பு என்பதில் மிஸ்திரி பிடிவாதமாக இருந்தார். எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார். கிரேனுக்கும் பட்டைக்கும் கூலிக்கும் சேர்த்து அவர் முதலில் கேட்ட ஒன்பதாயிரத்தைவிட இரண்டாயிரம் அதிகமாகவே ஆயிற்று. மாப்பிள்ளையின் முகம் சுருங்கியதை நான் கவனிக்காமல் இல்லை.

வண்டிக்கு அடியில் இன்னொரு சங்கதியும் அகப்பட்டது. பல சரக்கு வண்டிகளில் ஆக்ஸிலுக்கும் சேசிஸுக்கும் நடுவில் ஒரு சின்னக் கம்பி இருக்கும். அதன் மறுமுனையில் ஒரு பிரேக் வால்வு. வண்டி எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை வைத்து, எவ்வளவு பாரம் இருக்கிறது என்று அந்த வால்வு ஊகிக்கும். பாரம் அதிகமானால் அந்தச் சக்கரங்களுக்கு பிரேக் காற்றை அதிகம் விடும், குறைந்தால் குறைக்கும். பட்டை கூட்டினால் இந்த ஊகம் கெட்டுவிடும். முழுப் பாரம் இருந்தும் வண்டி தாழாது. வால்வு, 'காலி வண்டி போலிருக்கிறது' என்று நினைத்து பிரேக்கைக் குறைத்துவிடும். நாற்பது டன்னோடு மலைச்சரிவில் இறங்கும்போது இப்படி ஒரு தப்புக் கணக்கு. பட்டை தளர்ந்து நிரந்தரமாகத் தாழ்ந்த வண்டியில் இதற்கு நேர் எதிர். காலியாகப் போகும்போது பாரம் இருப்பதாக நினைத்து அதிகக் காற்றை விட, சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். ஏ.பி.எஸ். உள்ள வண்டிகளில் இந்த ஆபத்து குறைவு, பழைய வண்டிகளில் அதிகம். மாப்பிள்ளையின் டிரெய்லரில் அந்தக் கம்பியை யாரோ கட்டுக்கம்பி போட்டு ஒரேயடியாகக் கட்டி வைத்திருந்தார்கள். பட்டை வேலை செய்தால் இந்த வால்வையும் சரிபார்த்து அளவு வைக்கவேண்டும் என்று எத்தனை பட்டறையில் சொல்கிறார்கள்? மிஸ்திரி கட்டை அவிழ்த்து, கம்பியை அதன் இடத்தில் மாட்டி, அளவு வைத்துக் கொடுத்தார். இதற்குக் காசு வாங்கவில்லை.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2018 ஜூலை 16-ஆம் தேதி மத்திய அரசு ஆக்ஸில் எடை வரம்புகளை உயர்த்தியது. நாலு டயர் ஒற்றை ஆக்ஸிலுக்கு 10.2 டன்னாக இருந்தது 11.5 ஆயிற்று. அடுத்தடுத்த இரட்டை ஆக்ஸிலுக்கு 19 டன் 21 ஆயிற்று. மொத்த எடையின் உச்சவரம்பு 49 டன்னிலிருந்து 55 டன்னுக்குப் போனது. பழைய வண்டிக்கெல்லாம் இது தானாகவே பொருந்தும் என்று நினைக்கவேண்டாம். ஆர்.சி.யில் எந்த எண் இருக்கிறதோ அதுதான் உங்கள் வண்டிக்கு வரம்பு. 2019 செப்டம்பர் முதல் அதிக பாரத்துக்கு அபராதம் ரூ.20,000, அதற்கு மேல் ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் ரூ.2,000. அதிகப்படிச் சரக்கை இறக்காமல் வண்டி நகரவும் கூடாது. கடுமையான சட்டம்தான். ஆனால் சோதனைச் சாவடியில் வழக்கமாகப் பார்ப்பது மொத்த எடையை. மாப்பிள்ளையின் 42 டன் சீட்டைப் பார்த்து யாரும் அவரை நிறுத்தியிருக்கமாட்டார்கள். சட்டத்தின் கண்ணில் உத்தமமான வண்டி, ஒரு ஆக்ஸிலில் 1.7 டன் அதிகமாகச் சுமந்துகொண்டு இரண்டாயிரம் கிலோமீட்டர் போயிருக்கும்.

அந்த 1.7 டன் சாலைக்கு என்ன செய்யும்? அமெரிக்காவில் இலினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்ற ஊருக்கு அருகே 1958 முதல் 1960 வரை, சோதனைக்கென்றே போட்ட சாலைகளில் லாரிகளை ஓயாமல் ஓட்டிப் பார்த்தார்கள். ஆக்ஸில் பாரம் கூடினால் சாலையின் சேதம் ஏறக்குறைய அதன் நாலாம் மடங்கில் கூடுகிறது என்று அதிலிருந்து தெரிந்தது. பாரம் இரட்டித்தால் சேதம் பதினாறு மடங்கு. 11.5 டன்னுக்குப் பதில் 13.2 டன் என்றால் சேதம் ஏறக்குறைய 1.7 மடங்கு. இதே கணக்கில், 2018-இல் 10.2 டன்னை 11.5 ஆக்கியபோதே ஒரு ஆக்ஸில் செய்யும் சேதம் 1.6 மடங்காகிவிட்டது. புதுச் சாலை ஏன் இரண்டே மழைக்குப் பள்ளமாகிறது என்று காண்டிராக்டரை மட்டும் திட்டிக்கொண்டிருந்தவன் நான். அவரையும் திட்டவேண்டும்தான்.

சரக்கைப் பின்னால் தள்ளினால் எல்லா வண்டியும் சரியாகிவிடும் என்று யாரும் கிளம்பிவிடக்கூடாது. இந்த வண்டியில் கிங் பின் தலையின் பின் ஆக்ஸிலுக்குச் சற்று முன்னால் உட்கார்கிறது. அதனால் எவ்வளவு பாரம் ஏறினாலும் முன் சக்கரம் தூக்காது. அமெரிக்காவில் பிக்கப் வண்டியின் பின் பம்பரில் கொக்கி மாட்டி வீட்டு டிரெய்லரை இழுக்கிறார்கள். அங்கே கொக்கி ஆக்ஸிலுக்குப் பின்னால் இருக்கிறது. கொக்கியில் பாரம் அழுத்தினால் பின்பக்கம் தாழும், முன் சக்கரம் லேசாகும், ஸ்டீரிங் பிடிமானம் போகும். அப்படியானால் டிரெய்லரில் சரக்கைப் பின்னால் தள்ளலாமே என்றால், கொக்கியில் டிரெய்லர் எடையின் 10 முதல் 15 சதவீதமாவது இருக்கவேண்டும் என்பது அவர்கள் விதி. குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் பாம்புபோல நெளிய ஆரம்பித்துவிடும். அதனால் கொக்கியில் இறங்கும் பாரத்தின் ஒரு பங்கை முன் சக்கரத்துக்குத் திருப்பிவிடும் தண்டுகள், பட்டைக்குத் துணையாகக் காற்றுப் பை என்றெல்லாம் விற்கிறார்கள். காற்றுப் பை உயரத்தைத் திருப்பித் தரும். வண்டியின் அனுமதி எடையை ஒரு கிலோகூட உயர்த்தாது. அதை விற்கிறவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள், சின்ன எழுத்தில்.

அவ்வளவு தூரம் போவானேன். கரும்பு வெட்டும் பருவத்தில் சர்க்கரை ஆலைக்குப் போகிற டிராக்டர்களைப் பாருங்கள். இரண்டு சக்கர டிரெய்லரின் மூக்கு டிராக்டரின் வாலை அழுத்த, முன் சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் போகும். சில ஊர்களில் அதை வீரம் என்று நினைக்கிறார்கள். வீடு மாற்றும்போது சின்னச் சரக்கு வண்டி கூப்பிடுகிற வாசகர்களுக்கும் இதில் வேலை உண்டு. பீரோவையும் கிரைண்டரையும் கடைசியில் ஏற்றி வண்டியின் வாலில் நிறுத்தாதீர்கள். முதலில் ஏற்றி, டிரைவர் அறைக்குப் பக்கத்தில் வையுங்கள்.

மாலை நாலு மணிக்கு மாப்பிள்ளை கிளம்பினார். சாப்பிட வீட்டுக்கு வாருங்கள் என்று கூப்பிட்டேன். "இல்லீங்க மாமா, இன்னொரு நாளைக்கு வர்றேனுங்க. அத்தைகிட்ட சொல்லுங்க" என்றார். பதினோராயிரம் செலவு அவர் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. நான் செய்தது உபகாரமா உபத்திரவமா என்று அவருக்கு அப்போது தெரிந்திருக்காது.

மூன்றாம் நாள் கோயம்புத்தூரிலிருந்து பேசினார். சரக்கு இறக்கியாயிற்று. வழியெல்லாம் ஒருவரும் லைட் அடிக்கவில்லையாம். "யூ போல்ட் முறுக்கினீங்களா மாப்பிள்ளை?" என்று கேட்டேன்.

"ஹைதராபாத் தாண்டி ஒரு பட்டறைல நிறுத்தி முறுக்கிட்டேனுங்க. நாலும் அரைச் சுத்து ஏறுச்சு."